94-இல் நின்ற வேகம்: வீட்டு இணையத்தை நாமே சரிபார்ப்பது எப்படி

கோலாலம்பூர் செந்தூலில் எங்களுடையது இரண்டு மாடி தெரஸ் வீடு, வரிசையாக ஒட்டிக் கட்டிய வகை. அகலம் கம்மி, நீளம் ஜாஸ்தி. வாசலில் நின்று கூப்பிட்டால் பின்கட்டில் இருக்கும் அத்தைக்குப் பாதிதான் காதில் விழும். வைஃபைக்கும் அதே கதிதான் என்று புரிந்துகொள்ள எனக்கு மூன்று வருடம் ஆனது.

நான் வீட்டில் இருந்தபடியே ஏழு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். ஒரு துணிக்கடை, இரண்டு சாப்பாட்டுக் கடை, ஒரு பூமாலைக் கடை, ஒரு அச்சகம், இப்படி. 2024 ஆகஸ்டில் மின் விலைப்பட்டியல் முறை கட்டம் கட்டமாக வரத் தொடங்கியதிலிருந்து கணக்கு மென்பொருள், வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளம், வங்கி எல்லாமே இணையத்தில்தான். நெட் சுற்றினால் என் பிழைப்பும் சுற்றும். அதனால் மாதம் முப்பது வெள்ளி (ரிங்கிட்) கூடக் கொடுத்து 100 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 100 மெகாபிட்) சந்தாவை 300 ஆக்கினேன்.

மாற்றிய அன்று என் மேசையில் வேகம் பார்த்தேன். 94. மறுநாளும் 94. எல்லாரும் தூங்கிய பிறகு ராத்திரி பதினொரு மணிக்குப் பார்த்தேன், அப்போதும் 94. சேவை மையத்தைக் கூப்பிட்டால், "ரவுட்டரை அணைத்துவிட்டு முப்பது வினாடி கழித்துப் போடுங்கள்." மூன்று தடவை கூப்பிட்டேன், மூன்று தடவையும் அதே மந்திரம். நான்காவது தடவை ஒரு தம்பி நேரில் வந்தார். தன் மடிக்கணினியை ரவுட்டரிலேயே நேராகச் செருகினார். 308. "அக்கா, எங்கள் பக்கம் சரி. வீட்டுக்குள் ஓடும் வயர் எங்கள் பொறுப்பு இல்லை," என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் அவர் சொன்னது அத்தனையும் சரி.

புதிரை அவிழ்த்தது புடு ஜாலான் பாசாரில் ஒரு மின்சாதனக் கடைத் தவுக்கே, அதாவது முதலாளி. செந்தூலிலிருந்து எல்ஆர்டி ரயில் ஏறினால் புடு நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். புது ரவுட்டர் விலை கேட்கப் போனவள், கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினேன். மனிதர் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளி ஒரு பார்வை பார்த்தார், சிரித்தார். "94? இத்து வாயர் லா." அது வயர்தான் என்றார். ரவுட்டர் விற்கவில்லை. இருபது மீட்டர் கேபிளும், செருகும் தலைகள் பத்தும், கேபிள் சோதிக்கும் சின்னப் பெட்டி ஒன்றும் கொடுத்தனுப்பினார். ஐந்து மாதம் நான் கட்டிய கூடுதல் 150 வெள்ளியில் பாதிகூட ஆகவில்லை.

அன்றிலிருந்து சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், என் கணக்குக் கடைக்காரர்கள் என்று பன்னிரண்டு பதின்மூன்று இடங்களில் போய்ப் பார்த்துவிட்டேன். நான் பார்க்கும் வரிசை இதுதான்.

முதலில் அளவெடுங்கள், எதையும் வாங்காதீர்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். மடிக்கணினியை ஒரு குட்டைக் கேபிளால் ரவுட்டரில் நேராகச் செருகுங்கள். வைஃபையை அணைத்துவிடுங்கள், இதை மறந்துவிட்டு அளப்பவர்கள்தான் அதிகம். ஸ்பீட்டெஸ்ட் தளத்தில் கோலாலம்பூர் சர்வரைத் தேர்ந்தெடுத்து ஓட்டுங்கள். காலை ஏழு மணிக்கு ஒன்று, மத்தியானம் ஒன்று, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒன்று. இரண்டு நாள் இப்படி எழுதினால் போதும்.

இந்த எண் சந்தாவை ஒட்டி வந்தால் உங்கள் நிறுவனத்தின் மேல் பழி இல்லை, பிரச்சினை வீட்டுக்குள்தான். காலையில் நன்றாக இருந்து ராத்திரியில் மட்டும் பாதியாக விழுந்தால் நெரிசல். அது அவர்கள் பக்கம், புகார் செய்ய வேண்டிய விஷயம். மூன்று வேளையும் குறைவு என்றால் லைனையோ மோடம் பெட்டியையோ சந்தேகப்படலாம்.

இன்னொன்று. பிட் வேறு, பைட் வேறு. 100 எம்பிபிஎஸ் சந்தாவில் ஒரு கோப்பை இறக்கும்போது திரையில் வினாடிக்கு 12 மெகாபைட் என்று காட்டினால் ஏமாற்றிவிட்டார்கள் என்று குதிக்காதீர்கள். எட்டு பிட் சேர்ந்ததுதான் ஒரு பைட்; 100-ஐ எட்டால் வகுத்தால் 12.5 தான். என் அச்சகக்காரர் இதற்காக ஒரு மாதம் சண்டை போட்டிருக்கிறார்.

சுவரில் இருப்பது எது, மேசையில் இருப்பது எது

தெருக் கம்பத்திலிருந்தோ கட்டடத்தின் அறையிலிருந்தோ மெல்லிய ஃபைபர் ஒன்று வீட்டுக்குள் வருகிறது. சுவரில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி. அதிலிருந்து பச்சைத் தலை போட்ட மெல்லிய வயர் இன்னொரு பெட்டிக்குப் போகும். ஒளியை மின்குறியாக மாற்றுவது அந்தப் பெட்டி. மோடம் என்றே வீட்டில் சொல்கிறோம். அதற்கு அடுத்ததுதான் ரவுட்டர். சில வீடுகளில் இரண்டும் ஒரே பெட்டியாக இருக்கும்.

மோடத்தில் 'லாஸ்' (LOS) என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை. ரவுட்டரை நூறு முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை, நேராகக் கூப்பிடுங்கள். ஆனால் கூப்பிடுமுன் அந்த மெல்லிய வயர் எங்காவது நசுங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. சோபாக் கால் ஏறினாலும், அழகுக்காக ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கி மடித்தாலும் ஒளி கசிந்துவிடும். பச்சைத் தலையைக் கழற்றி விரலால் துடைக்காதீர்கள், ஊதாதீர்கள், கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

எட்டு கம்பி

94-க்கு வருகிறேன். வீட்டில் ஓடும் நெட்வொர்க் கேபிளுக்குள் எட்டு செம்புக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடி. 1000 எம்பிபிஎஸ் போக எட்டும் வேண்டும். 100 எம்பிபிஎஸ் போக நான்கே போதும். அந்த நான்கும் நன்றாக இருந்து மற்ற நான்கில் ஒன்று அறுந்தாலும் இரண்டு முனையிலும் இருக்கும் கருவிகள் தங்களுக்குள் பேசி, "சரி, நூறில் ஓட்டுவோம்" என்று இறங்கிவிடும். நமக்கு ஒன்றும் சொல்லாது. விளக்கு எரியும், இணையமும் வரும். 100-இல் தகவலைப் பொட்டலம் கட்டும் செலவு போக மிஞ்சுவது 94, 95. ஆகவே எந்த நேரத்திலும் அசையாமல் 94 வந்தால் அது கேபிளின் கையெழுத்து. நெரிசல் இப்படி இருக்காது. அது ஒரு நேரம் 180, ஒரு நேரம் 60 என்று ஆடும்.

கணினியைக் கேட்டும் உறுதி செய்துகொள்ளலாம். விண்டோஸில் அமைப்புகளுக்குள் நெட்வொர்க், ஈதர்நெட் என்று போனால் இணைப்பு வேகம் எழுதியிருக்கும். 1000/1000 என்றால் நல்லது. 100/100 என்றால் வழியில் எங்கோ கோளாறு: கேபிள், அல்லது அதன் தலை, அல்லது நடுவில் யாரோ வைத்த பழைய ஸ்விட்ச் (ஒரு கேபிளைப் பல கருவிகளுக்குப் பிரிக்கும் பெட்டி).

எங்கள் வீட்டுக் கேபிள் 2020-இல் போட்டது. கோவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பையன் பள்ளிக்கூடம் வீட்டுக்கே வந்துவிட்டபோது, தெரிந்த வயர்மேன் ஒருவரைப் பிடித்து வாசலிலிருந்து மாடி அறை வரை சீலிங் வழியாக இழுத்தோம். தவுக்கே கொடுத்த சின்னப் பெட்டியில் ஒரு பாதியைக் கீழேயும் மறுபாதியை மேலேயும் செருகினேன். ஒன்று முதல் எட்டு வரை விளக்கு வரிசையாக எரிய வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு... ஏழும் எட்டும் எரியவில்லை. ஏழு, எட்டு என்றால் பழுப்பு ஜோடி. பையன் ஏணி போட்டு சீலிங் பலகையைத் தூக்கி டார்ச் அடித்தான். "அம்மா, எலி கடிச்சிருக்கு." கேபிளின் மேல்தோலை அரை சாண் நீளத்துக்கு உரித்து, பழுப்பு இரண்டையும் சுத்தமாகத் தின்றுவிட்டு, மற்ற ஆறையும் தொடாமல் விட்டிருந்தது. ஐந்து மாதமாக அந்த எலிக்குத்தான் நான் முப்பது வெள்ளி கட்டிக்கொண்டிருந்தேன்.

புதுக் கேபிளை இழுப்பது சிரமம் இல்லை. பழையதின் நுனியில் புதியதைக் கட்டி மறுமுனையில் இழுத்தால் வந்துவிடும். தலை போடுவதில்தான் பொறுமை வேண்டும்.

மேல்தோலை மூன்று சென்டிமீட்டர் உரித்து, முறுக்கைப் பிரித்து, கம்பிகளை விரலால் நீவி நேராக்குங்கள். இடமிருந்து வலமாக நிற வரிசை: ஆரஞ்சு கோடு போட்ட வெள்ளை, ஆரஞ்சு, பச்சைக் கோடு வெள்ளை, நீலம், நீலக் கோடு வெள்ளை, பச்சை, பழுப்புக் கோடு வெள்ளை, பழுப்பு. பச்சை ஜோடி பிரிந்து நடுவில் நீலத்தை வைத்துக்கொள்ளும். இங்கேதான் எல்லாரும் தப்பு செய்வார்கள். இறுக்கிப் பிடித்தபடி ஒன்றேகால் சென்டிமீட்டர் விட்டு ஒரே வெட்டாக நறுக்குங்கள். தலையின் கொக்கி கீழ்ப்பக்கம் பார்க்கும்படி பிடித்து உள்ளே தள்ளுங்கள். தலையின் முன்பக்கம் எட்டு செம்புப் புள்ளிகளும் தெரிகிறதா? மேல்தோலும் தலைக்குள் கொஞ்சம் போயிருக்கிறதா? அப்புறம் இடுக்கியால் அழுத்துங்கள். என் முதல் நான்கு தலைகள் குப்பைக்குப் போயின. ஐந்தாவதில் எட்டு விளக்கும் எரிந்தது.

கேபிள் வாங்கும்போது கேட் 5இ என்ற ரகம் போதும், கேட் 6 என்றால் இன்னும் நல்லது. ஆனால் விலை ரொம்பக் குறைவாக இருந்தால் கம்பியின் நுனியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக மின்னினால் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. சுவருக்குள் ஓட்ட அது ஆகாது.

மாடிக்குப் போய் அளந்தேன். 301. சத்தியமாகச் சொல்கிறேன், வருமான வரித் திருப்பிப் பணம் வந்த அன்றுகூட அப்படிச் சிரித்ததில்லை.

வைஃபைக்குக் கண்ணும் காதும் உண்டு

கேபிள் சரி. ஆனால் சமையலறையில் அத்தைக்கு நாடகம் ஓட வேண்டுமே. "என்னம்மா, படம் சுத்திக்கிட்டே இருக்கு," என்று தினம் ராத்திரி ஒரு குரல்.

எங்கள் ரவுட்டர் வாசல் கதவுக்குப் பின்னால், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தது. ஏன் அங்கே? பொருத்த வந்தவருக்கு அதுதான் வசதி. ஃபைபர் அந்த மூலையில் வந்தது, அங்கேயே வைத்துவிட்டுப் போனார். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும், போய்ப் பாருங்கள். வைஃபை எல்லாப் பக்கமும் பரவுவது; வாசல் மூலையில் வைத்தால் பாதி வேகம் தெருவில் போகும் மோட்டார் சைக்கிளுக்குத்தான்.

முடிந்த அளவு வீட்டின் நடுவில், நெஞ்சுயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வையுங்கள். இரும்பு அலமாரி, பெரிய கண்ணாடி, மீன் தொட்டி இவற்றின் பின்னால் வேண்டாம். உலோகமும் கண்ணாடியின் ரசப் பூச்சும் அலையைத் திருப்பிவிடும், தண்ணீர் குடித்துவிடும். டிவிக்குப் பின்னால் ஒளித்து வைப்பது பார்க்க அழகு, வேலைக்கு ஆகாது.

ரவுட்டர் இரண்டு அலைவரிசையில் பேசும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனால் மெதுவாக. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனால் இரண்டு செங்கல் சுவருக்கு மேல் தாங்காது. இரண்டையும் ஒரே பெயரில் வைத்தால் கைப்பேசியே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் என்பார்கள். நான் தனித்தனிப் பெயர் வைக்கிற கட்சி. பாதுகாப்புக் கேமரா, மலிவான ஸ்மார்ட் பிளக் இவையெல்லாம் 2.4 மட்டும் தெரிந்தவை. ஒரே பெயரில் வைத்து அவற்றை இணைக்கும்போது நம் உயிர் போய்விடும்.

தெரஸ் வீட்டிலும் அடுக்குமாடியிலும் இன்னொரு தொல்லை உண்டு: பக்கத்து வீட்டு வைஃபை. கைப்பேசியில் வைஃபை அனலைசர் மாதிரி ஒரு செயலி போட்டுப் பாருங்கள். என் படுக்கையறையில் நின்று எண்ணினால் 23 பெயர். 2.4-இல் ஒன்றோடொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். எதில் கூட்டம் குறைவோ அதை ரவுட்டரில் கையால் குறித்துவிடுங்கள், அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். புத்திசாலித்தனமாக 3 அல்லது 4 வைத்தால் இரண்டு பக்கத்துக் கூட்டத்திலும் மாட்டிக்கொள்வீர்கள்.

அதே செயலி ஒவ்வோர் அறையிலும் அலையின் பலத்தைக் கழித்தல் எண்ணாகக் காட்டும். கழித்தல் 50 என்றால் பிரமாதம். கழித்தல் 67 வரை காணொளி அழைப்பு ஓடும். 80-க்குப் போனால் இணைப்பு இருக்கும், வேலை நடக்காது. எங்கள் சமையலறை 84.

பழைய ரவுட்டரைத் தூக்கிப் போடாதீர்கள்

இந்த 84-க்கு ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். சுவரில் செருகும் ரிப்பீட்டர் ஒன்று வாங்கச் சொல்வார்கள். வாங்காதீர்கள் என்பேன். ஒரே அலைவரிசையில் கேட்டு அதிலேயே திருப்பிச் சொல்வதால் வேகம் பாதிக்குப் பாதி போய்விடும். அடுத்தது மெஷ், அதாவது பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்குவது. கெப்போங்கில் கொண்டோவில் இருக்கும் என் கொழுந்தன் மூன்று பெட்டி மெஷ் வாங்கினார். மூன்றையும் ஹாலிலேயே, பார்க்க அழகாக வரிசையாக வைத்திருந்தார்! 900 சதுர அடி வீட்டுக்கு ஒன்றே போதும். மெஷ் கெட்ட பொருள் இல்லை. பெட்டிகளுக்கு இடையே கேபிள் ஓடினால் நன்றாகவே இருக்கும். கேபிளே ஓட்டிவிட்டால், வீட்டில் தூங்கும் பழைய ரவுட்டரே அந்த வேலையைச் செய்யுமே. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?

நான் செய்தது இப்படி. பழைய ரவுட்டரின் பின்னால் ஊசியால் ரீசெட் அழுத்தி, மடிக்கணினியைக் கேபிளால் அதனுடன் மட்டும் இணைத்தேன். அதன் பக்கத்தைத் திறந்தேன்; எங்களுடையதில் முகவரி 192.168.0.1. புது ரவுட்டரும் அதே முகவரி என்பதால் இரண்டும் சண்டை போடும். ஆகவே பழையதின் முகவரியை 192.168.0.2 என்று மாற்றினேன். அடுத்தது டிஎச்சிபி. வீட்டுக் கருவிகளுக்கு எண் பிரித்துக் கொடுக்கும் வேலை அது. ஒரு வீட்டில் ஒருவர்தான் அதைச் செய்ய வேண்டும், அதனால் பழையதில் அணைத்தேன். வைஃபைக்குப் புது ரவுட்டரின் அதே பெயர், அதே கடவுச்சொல், ஆனால் வேறு சேனல். கடைசியாக, பெரிய ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை வேன் (WAN) என்று எழுதிய தனித் துளையில் செருகாமல் லேன் (LAN) துளையில் செருகினேன். இதில்தான் பத்தில் எட்டுப் பேர் கோட்டை விடுவார்கள். சில ரவுட்டர்களில் ஆக்சஸ் பாயின்ட் என்று ஒரே பொத்தானாக இருக்கும். இருந்தால் அதை அழுத்திவிட்டு மேலே சொன்னதையெல்லாம் மறந்துவிடலாம்.

சமையலறை இப்போது கழித்தல் 46. ஹாலில் இருக்கும் டிவிக்கும் கேபிளே கொடுத்துவிட்டேன். பல டிவிகளில் இருக்கும் துளையே 100 எம்பிபிஎஸ்தான், ஆனால் பயப்பட வேண்டாம். நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்குக் கேட்பதே 15.

இடியும் பூட்டும்

இணையம் தொலைபேசி லைனில் வந்த ஸ்ட்ரீமிக்ஸ் காலத்தில் மத்தியான இடி ஒன்று விழுந்தால் அந்த லைன் வழியாக வந்து மோடத்தைச் சுட்டுவிடும். எங்கள் வீட்டில் இரண்டு போயிருக்கிறது. ஃபைபர் கண்ணாடி என்பதால் அந்த வழி அடைத்துவிட்டது. ஆனால் மின்சாரப் பிளக் வழி திறந்தேதான் இருக்கிறது, நீளமான கேபிள்களும் வாங்கிக்கொள்ளும். இடிதாங்கி வைத்த நீட்டிப்புப் பலகை ஒன்று போடுங்கள். வானம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்கும் அத்தையின் பழக்கத்தை நான் இப்போது கிண்டல் செய்வதில்லை. எந்தக் கருவி வாங்கினாலும் சிரிம் தரச் சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

ரவுட்டருக்குள் நுழையும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். கடவுச்சொல் இல்லாமலே பொத்தானை அழுத்தி இணைக்கவிடும் டபிள்யூபிஎஸ்ஸை அணையுங்கள். விருந்தாளிகளுக்கும் கேமராக்களுக்கும் கெஸ்ட் நெட்வொர்க், அதாவது நம் கணினிகளைத் தொடாத தனி வைஃபை. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் வந்த அறுபது பேரில் எத்தனை பேரிடம் என் கணக்குக் கணினி இருக்கும் வைஃபையின் கடவுச்சொல் இருந்தது என்று நினைத்தால் இப்போதும் பகீர் என்கிறது.

ஒப்பந்தம், விலை, டிஎன்எஸ்

2010 மார்ச்சில் டெலிகாம் மலேசியாவின் ஃபைபர் சேவையான யூனிஃபை வந்தபோது 5 எம்பிபிஎஸ் மாதம் 149 வெள்ளி, 20 எம்பிபிஎஸ் 249 வெள்ளி. இன்று நூறு வெள்ளியை ஒட்டி 100 எம்பிபிஎஸ் கிடைக்கிறது. நிறுவனங்களுக்கு மனம் இளகியதால் இது நடக்கவில்லை. ஒரு நிறுவனத்தின் ஃபைபரை இன்னொன்று வாடகைக்கு எடுக்கும்போது கொடுக்கும் விலைக்கு அரசின் தொடர்பு பல்லூடக ஆணையம் வரம்பு கட்டியது. அது 2018-இல் நடைமுறைக்கு வந்து, சில்லறை விலை அந்த வருடமே சரிந்தது. யாரோ ஒருவர் விதி போட்டால்தான் நம் பில் இறங்குகிறது என்பது என் கருத்து. போட்டி தானாகவே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்பவர்கள் ஒரே நிறுவனத்தின் ஃபைபர் மட்டும் ஏறியிருக்கும் அடுக்குமாடியில் ஒரு வருடம் குடியிருந்து பார்க்கட்டும். வீடு வாங்குவதற்கோ வாடகைக்கு எடுப்பதற்கோ முன்னால் அந்தக் கட்டடத்தில் எந்தெந்த நிறுவனம் இருக்கிறது என்று நிர்வாக அலுவலகத்தில் கேளுங்கள். தண்ணீர் வருமா என்று கேட்கிறோம் இல்லையா, அது மாதிரி.

ஒப்பந்தம் பெரும்பாலும் 24 மாதம். கையெழுத்திடுமுன் மூன்று விஷயம் பாருங்கள். இடையில் நிறுத்தினால் எவ்வளவு தண்டம். வேகத்தை உயர்த்தினால் 24 மாதம் முதலிலிருந்து திரும்ப ஓடுமா. எனக்கு ஓடியது, யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. ஏற்றும் வேகம் எவ்வளவு; விளம்பரத்தில் பெரிதாக இருப்பது இறக்கும் வேகம், என்னைப் போல் கோப்பு அனுப்பிப் பிழைப்பவருக்கு மற்றதும் வேண்டும். விளம்பர விலையின் மேல் 6 விழுக்காடு சேவை வரி வரும். 2024 மார்ச்சில் சேவை வரி பொதுவாக 8 ஆனபோது தொலைத்தொடர்புக்கு 6 என்றே விட்டார்கள்.

இலவசமாகத் தரும் ரவுட்டரைத்தான் வைத்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சொந்த ரவுட்டர் போடுகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். யூனிஃபை லைனில் இணையத்துக்கு வீலேன் எண் (லைனுக்குள் இணையத்துக்கென்று ஒதுக்கிய பாதையின் எண்) 500 என்று கொடுக்க வேண்டும், அப்புறம் பிபிபிஓஇ என்ற நுழைவு முறைக்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும். அந்த எண்ணை நுழைக்க இடமில்லாத ரவுட்டரை வாங்கி வந்தால் கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்குத் திரும்ப மோனோரயில் ஏற வேண்டியதுதான்.

டிஎன்எஸ் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தேடித் தரும் விலாசப் புத்தகம் அது. பொதுவாக நம் நிறுவனத்தின் புத்தகத்தைத்தான் கேட்போம். விருப்பப்பட்டால் ரவுட்டரில் கூகுளின் 8.8.8.8 அல்லது கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 என்று மாற்றிக்கொள்ளலாம். நிறுவனத்தின் புத்தகம் படுத்துவிட்ட நாளில் பக்கத்து வீடெல்லாம் இருட்டாக இருக்க நம் வீட்டில் இணையம் ஓடும். கோப்பு இறங்கும் வேகம் இதனால் கூடாது, யாராவது கூடும் என்றால் நம்பாதீர்கள்.

2024 செப்டம்பரில் இந்த வெளிப் புத்தகங்களைக் கேட்டாலும் கேள்வியை நிறுவனத்தின் புத்தகத்துக்கே திருப்பிவிட வேண்டும் என்று தொடர்பு பல்லூடக ஆணையம் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. மாதக் கடைசிக்குள் செய்ய வேண்டும் என்றது. சூதாட்டம், ஆபாசம் போன்ற தளங்களைத் தடுக்க என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பவே சில நாட்களில் தொடர்புத் துறை அமைச்சர் ஃபாஹ்மி ஃபாட்சில் அதை நிறுத்தச் சொன்னார். சூதாட்டத் தளத்தால் கடையையே இழந்த ஒருவருக்கு நான் கணக்கு எழுதியிருக்கிறேன், அதனால் தடுப்பதே தப்பு என்று என் வாயால் வராது. ஆனால் நான் ஒருவரிடம் விலாசம் கேட்க, நடுவில் வேறொருவர் அவர் குரலில் பதில் சொல்வது எனக்குச் சம்மதமில்லை. தடுக்கிறீர்களா, தடுத்தோம் என்று பலகை வையுங்கள்.

புகார் எழுதும் முறை

கோபமாகப் பேசினால் வேலை நடக்காது, தாள் பேசினால் நடக்கும். முதலில் எடுத்த அந்த நோட்டுப் புத்தகம் இங்கேதான் உதவும். தேதி, நேரம், கேபிளில் அளந்த வேகம், வேகம் காட்டிய திரையைப் பிடித்த படம். முதல் புகார் நிறுவனத்துக்கே. பேசி முடிக்குமுன் புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாத அழைப்பு நடக்காத அழைப்பு. பதில் வரவில்லை, அல்லது திருப்தி இல்லை என்றால் தொடர்பு பல்லூடகப் பயனீட்டாளர் மன்றம் இருக்கிறது, சிஎஃப்எம் என்பார்கள். ஆணையத்திடமும் இணையம் வழியே புகார் கொடுக்கலாம். இரண்டு இடத்திலும் முதல் கேள்வி, நிறுவனத்திடம் சொன்னீர்களா, எண் என்ன என்பதுதான். பக்கத்து வீட்டு அங்கிளுக்கு ராத்திரி மட்டும் வேகம் விழுந்தபோது பதினான்கு நாள் அளவை ஒரே தாளில் அட்டவணையாகப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் ஆள் வந்து கம்பத்தில் ஏதோ மாற்றிவிட்டுப் போனார்.

எங்கள் வீட்டில் மின்மீட்டர் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. வாடிக்கையாளர் எண், ஒப்பந்தம் முடியும் தேதி, இரண்டு ரவுட்டரின் முகவரி, எந்தக் கேபிள் எந்த அறைக்குப் போகிறது, கடைசியாக அளந்த வேகம் எல்லாம் அதில் இருக்கும். நான் வீட்டில் இல்லாவிட்டாலும் அத்தை அதைப் பார்த்து வாசித்தால் தொலைபேசியிலேயே சரிசெய்துவிடலாம். அடியில் கடைசி வரி மட்டும் பையன் கையெழுத்து: "மாதம் ஒரு தடவை சீலிங்கில் எலிப்பொறி பார்க்கவும்."